நோயும் பெயரும்: தென்காசி வட்டாரத்தை முன்னிட்டு ஓர் ஆய்வு

ஒரு நோய்க்கு மக்கள் இடும் பெயர், அந்நோயுற்றாரை அவர்கள் நடத்தும் முறையையும் வகுத்து விடுகின்றது. எச்.ஐ.வி., எய்ட்ஸ் ஆகியவற்றின் தமிழக வரலாற்றைக் கொண்டு இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பண்டு பெரியம்மை உயிர்குடிக்கும் தொற்றுநோயாக இருந்தது. எனினும் தென்காசிப் பகுதி உள்ளிட்ட தமிழகச் சிற்றூர்களில் அதனை 'அம்மை' என்றனர். கொப்புளத்தை 'முத்து' என்றனர். வாயிலில் வேப்பிலை செருகினர். நோயாளியிடம் அச்சம் இருந்தது, இழிவு இல்லை.

எய்ட்ஸ் நோய்க்கு நேர்ந்தது வேறு. 1986-ஆம் ஆண்டில் சென்னையில், சுனிதி சாலமன் வழிகாட்ட, செல்லப்பன் நிர்மலா நிகழ்த்திய ஆய்வினால் இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாக அறியப்பட்டது. ஆய்வுக்குக் குருதி அளித்தோர் பாலியல் தொழிலில் ஈடுபட்ட மகளிர். ஆகவே, முன்னரே ஒதுக்கப்பட்டோர்மீது இந்நோயின் பழியும் ஏறியது. அமெரிக்காவில் ஓரினச் சேர்க்கையாளர்க்கும் கறுப்பின மக்களுக்கும் நேர்ந்ததும் இத்தகையதே. இங்கோ, இதழ்களும் சுவரெழுத்துகளும் 'ஆட்கொல்லி', 'உயிர்க்கொல்லி' என்னும் அடைகளைப் பரப்பின. எச்சரிக்கைக்காக எழுந்த சொல் நோயாளியையே கொலைகாரர் போல் காட்டிற்று.

உண்மை இதற்கு மாறானது. பாதுகாப்பற்ற உடலுறவு, தொற்றுள்ள குருதி, மாசுற்ற ஊசி, தாயிடமிருந்து சேய் என்பனவே பரவும் வழிகள். சாரற் காலத்தில் குற்றால அருவியின்கீழ் ஆயிரவர் தோளுரச நீராடுகின்றனர். அந்நீராலும் அத்தீண்டலாலும் இந்நோய் பற்றாது. ஆயினும் தண்ணீர்க் குவளையும் பாயும் தனியே வைக்கப்பட்ட இல்லங்கள் பல. கணவன் வழியே தொற்றுற்ற மனைவியரும் பழி சுமந்தனர். அத்தகைய மகளிர் 1998-இல் தமக்கெனக் கூட்டமைப்பு ஒன்றை நிறுவியது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.

2004 ஏப்ரல் 1 முதல் தாம்பரம் உள்ளிட்ட அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவயமாக வழங்கப்பட்டது. அம்மருந்தை முறையாக உட்கொள்வோர் நெடுங்காலம் வாழ்கின்றனர். வேலை, கல்வி, மருத்துவம் ஆகியவற்றில் வேற்றுமை காட்டுதலை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கியது. அது 2018-இல் நடைமுறைக்கு வந்தது.

மருந்தும் சட்டமும் வந்த பின்னரும் 'ஆட்கொல்லி' என்னும் சொல் வழக்கொழியவில்லை. 'எச்.ஐ.வி. உள்ளோர்' என்னும் தொடர் இழிவின்றிப் பொருளுணர்த்துவது. குட்டநோயைத் 'தொழுநோய்' எனப் பெயர்மாற்றி வழங்கியது தமிழுலகம். எனவே பழஞ்சொல்லை விலக்கிப் புதுத்தொடரை நிலைபெறச் செய்தல், அகராதியும் பாடநூலும் ஆக்கும் தமிழறிஞர்தம் கடமையாகும்.