லெந்து இல்லாத சபைக்கு லெந்து வந்த கதை

நான் திருக்கழுக்குன்றத்தில் சரித்திர ஆசிரியராக இருந்தபோது, ஒரு வருடம் சிவராத்திரி, ரம்ஜான் பிறை, சாம்பல் புதன் மூன்றும் ஏறத்தாழ ஒரே வாரத்தில் வந்தன. 1993-ஆம் வருடம். அந்த வாரம் எங்கள் ஆசிரியர் அறையில் டிபன் கேரியர் திறக்கும் சத்தமே குறைந்துவிட்டது. கணக்கு வாத்தியார் சிவராத்திரிக்குக் கண்விழித்து, மலைக்கோயிலும் தாழக்கோயிலும் போய்வந்து சிவந்த கண்ணோடு உட்கார்ந்திருந்தார். எழுத்தர் பாய் நோன்பு ஆரம்பித்திருந்தார். இங்கிலீஷ் டீச்சர் ஒரு டம்ளர் மோரோடு நிறுத்திக்கொண்டார்.

"உங்களுக்கும் விரதமா டீச்சர்?" என்று கேட்டேன்.

"லெந்து ஆரம்பிச்சாச்சு சார். ஈஸ்டர் வரைக்கும் நாற்பது நாள் ஒரு வேளைதான்."

நான் காலண்டரை எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தாறு வந்தது. டீச்சர் சிரித்தார். "ஞாயித்துக்கிழமை கணக்குல சேராது சார். அது உயிர்த்தெழுந்த நாள். ஆறு ஞாயிறைக் கழிச்சுப் பாருங்க." சரியாக நாற்பது.

பிறகு அவர் சொன்ன ஒரு விஷயம்தான் என்னை இத்தனை வருடம் தொடர்ந்து வந்திருக்கிறது. டீச்சர் பிறந்தது நாசரேத்தில். திருநெல்வேலிச் சீமை ஆங்கிலிக்கன் குடும்பம். 1962-இல் செங்கல்பட்டுப் பக்கத்துக் குடும்பம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டு வந்தார். அவர்களும் மூன்று தலைமுறைக் கிறிஸ்தவர்கள். "கல்யாணமாகி வந்த வருஷம் நான் லெந்துல பட்டினி இருந்தேன் சார். எங்க மாமியார் நெத்தியைத் தொட்டுப் பார்த்து, உடம்பு சரியில்லையான்னு கேட்டாங்க. அவங்களுக்கு லெந்துன்னா என்னன்னே தெரியாது."

கிறிஸ்தவருக்கு லெந்து தெரியாதா? இது எப்படி என்று அன்று எனக்குப் புரியவில்லை. பின்னால் படித்துப் படித்துத்தான் விளங்கியது. அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் பெயர். கத்தோலிக்கர்கள் இந்த நாட்களை முன்பு தபசு காலம் என்றார்கள், இப்போது தவக்காலம். சி.எஸ்.ஐ., லுத்தரன் சபையார் லெந்து என்கிறார்கள். பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு வசந்த காலம் என்றுதான் பொருள். இயேசு வனாந்தரத்தில் நாற்பது நாள் உபவாசம் இருந்ததை நினைத்து, ஈஸ்டருக்கு முன் இந்த நாட்களை ஒடுக்கமாகக் கழிப்பது வழக்கம். மார்ச் 21-ஐ ஒட்டியோ அதன் பிறகோ வரும் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர். ஆகவே நம் கணக்கில் லெந்து பெரும்பாலும் மாசி, பங்குனியில் வரும்.

நம் வட்டாரத்தில் இந்த விரதத்தைத் தொன்றுதொட்டுக் கடைப்பிடித்தவர்கள் கத்தோலிக்கர்கள். கோவளம் கார்மேல் மாதா கோயிலை 1808-இல் எழுப்பிய ஜான் டி மான்டி என்ற போர்த்துகீசிய வணிகரின் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆழ்வார்பேட்டை டிமான்டி காலனி அவர் பெயரால் வந்ததுதான். அக்கோயிலைச் சேர்ந்த கடற்கரை மக்களைப் போன்ற பழைய கத்தோலிக்கக் குடும்பங்களில் இரண்டு சொற்கள் வழங்கின: ஒருசந்தி, சுத்தபோசனம். ஒருசந்தி என்றால் நாளுக்கு ஒரு வேளை முழுச் சாப்பாடு. சுத்தபோசனம் என்றால் இறைச்சி விலக்கிய சாப்பாடு. புரட்டாசிச் சனிக்கிழமை பெருமாளுக்கு விரதம் இருக்கிறவர்களும் ஒருசந்தி என்றுதானே சொல்கிறார்கள்! பாதிரிமார் ஐரோப்பாவிலிருந்து சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பெயர் நம் வீடுகளில் ஏற்கெனவே தயாராக இருந்தது.

வெள்ளிக்கிழமைதோறும் பதினான்கு தலங்கள் கொண்ட சிலுவைப்பாதை. கடைசி வாரங்களில் சுரூபங்களுக்கு ஊதாத் துணி. பெரிய வியாழன் இரவு முதல் மணி அடிக்காமல் மரக்கட்டை தட்டுவது என்று அவர்கள் முறை விரிவானது. 1966-இல் போப் ஆறாம் பவுல் சட்டத்தைத் தளர்த்தினார். கட்டாய ஒருசந்தி சாம்பல் புதனுக்கும் பெரிய வெள்ளிக்கும் மட்டும் என்றானது. மற்ற நாட்கள் அவரவர் மனச்சாட்சிக்கு விடப்பட்டன.

இனி, லெந்து வேண்டாம் என்றவர்களின் கதை. 1522-இல் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் அச்சுக்கூடக்காரர் ஒருவர் வீட்டில், லெந்து நாளில் வேண்டுமென்றே இறைச்சி தின்றார்கள். வேதத்தில் விதிக்காத விரதத்தைச் சபை விதிக்கலாகாது என்பது அவர்கள் வாதம். அங்கிருந்த போதகர் சுவிங்கிலி தாம் தின்னவில்லை. ஆனால் தின்றவர்கள் பக்கம் நின்று பிரசங்கம் செய்தார். அந்த வழியில் வந்த சீர்திருத்தச் சபைகள் ஹாலந்திலும் ஸ்காட்லாந்திலும் வேரூன்றின. ஸ்காட்லாந்துப் பிரஸ்பிட்டேரியன் சபையார் 1560-க்குப் பிறகு லெந்தை மட்டுமா, கிறிஸ்துமஸையே பண்டிகைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒன்றே அவர்களுக்குத் திருநாள். உபவாசமே இல்லாதவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். திருவிருந்துக்கு முந்தைய வியாழக்கிழமை ஊரோடு உபவாசம் இருப்பார்கள். நாற்பது நாள் என்ற கணக்கு மட்டும் கிடையாது.

இந்த மரபைச் சேர்ந்தவர்கள் இரண்டு முறை நம் பக்கம் வந்தார்கள். முதலில் டச்சுக்காரர்கள். பதினேழாம் நூற்றாண்டில் சதுரங்கப்பட்டினத்தில் துணி வியாபாரம் செய்த அவர்களுடைய கோட்டையும் கல்லறைகளும் இன்றும் இருக்கின்றன. நம் மலையில் உள்ள ஒருகல் மண்டபத்தில் அவர்கள் தங்கள் பெயர்களையும் வருடத்தையும் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். மாணவர்களை அழைத்துப்போகும்போதெல்லாம், சுவரில் பெயர் கிறுக்கும் வழக்கம் உங்களோடு ஆரம்பிக்கவில்லை என்று காட்டுவேன். பெயரை விட்டுச் சென்றார்கள். இங்கே சபையை விட்டுச் செல்லவில்லை.

இரண்டாவதாக வந்தவர்கள் ஸ்காட்லாந்துக்காரர்கள். 1837-இல் ஜான் ஆண்டர்சன் சென்னையில் தொடங்கிய பள்ளிதான் பின்னாளில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி ஆனது. அந்த மிஷன் காஞ்சிபுரத்திலும் செங்கல்பட்டிலும் கிளைப் பள்ளிகள் வைத்தது. செங்கல்பட்டில் இன்றும் இருக்கும் கொலம்பா பள்ளியின் பெயரே, ஸ்காட்லாந்துக்குக் கிறிஸ்தவத்தைக் கொண்டுபோன துறவியின் பெயர்தான்.

டீச்சரின் மாமியார் வீட்டார் இந்தச் சபைக்காரர்கள். ஆகவே அவர்களுக்கு லெந்து சொல்லிக்கொடுக்கப்படவில்லை. புதிருக்குப் பாதி விடை இது. மீதிப் பாதி போதகர்களிடம் இல்லை. சேர்ந்த மக்களின் நிலையில் இருக்கிறது.

1876 முதல் 1878 வரை நடந்த தாது வருஷப் பஞ்சத்தை நம் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்போம். சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்த் துண்டு அப்போது பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டதுதான். அந்தப் பஞ்சத்துக்குப் பின் செங்கல்பட்டு மிஷனில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் நிலமில்லாத சேரி மக்கள். படியாட்களாகப் பண்ணையில் உழைத்து, கூலியாகப் படிக்கணக்கில் தானியம் வாங்கியவர்கள். 1891-இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்கீர், மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். குடிசை நிற்கும் மண்கூட அவர்களுக்குச் சொந்தமில்லை என்பதை விவரமாக எடுத்துச் சொன்ன அறிக்கை அது. அதன் விளைவாக 1892-இல் வந்த அரசாணையைத்தான் பஞ்சமி நிலத்தின் தொடக்கமாகச் சொல்கிறோம். இதற்காகக் குரல் கொடுத்தவர்களில் செங்கல்பட்டு மிஷனின் ஆடம் ஆண்ட்ரூ ஒருவர். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் மெல்ரோசாபுரம் என்ற குடியிருப்பை உண்டாக்கி, இம்மக்களுக்கு உழுது பிழைக்க நிலம் கிடைக்கச் செய்தவர் அவர்.

இதைப் படித்த பிறகு டீச்சரிடம் போய்ச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "முதல் வருஷம் நான் விளக்கிச் சொன்னப்போ மாமியார் என்ன சொன்னாங்க தெரியுமா சார்? 'எங்களுக்கு வருஷம் பூரா லெந்துதாம்மா. நீ நாப்பது நாளுன்னு கணக்குச் சொல்ற'ன்னாங்க. எனக்கு வெட்கமாப் போச்சு."

அப்படியானால் இன்று செங்கல்பட்டு வட்டாரத்துச் சி.எஸ்.ஐ. கோயில்களிலெல்லாம் லெந்து எப்படி வந்தது? 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. நாடு விடுதலை பெற்று ஆறு வாரந்தான் ஆகியிருந்தது. பிரஸ்பிட்டேரியரும் காங்கிரிகேஷனல் சபையாரும் 1908-இலேயே ஒன்றாகியிருந்தார்கள். இப்போது ஆங்கிலிக்கரும் மெதடிஸ்டுகளும் சேர்ந்தார்கள். பிஷப்பே வேண்டாம் என்ற மரபில் வந்தவர்கள் பிஷப்பை ஏற்றுக்கொண்டார்கள். ஸ்காட்லாந்துத் திருச்சபை அனுப்பி 1936-இல் வந்து, செங்கல்பட்டில் தமிழ் படித்து, காஞ்சிபுரத்தில் ஊழியம் செய்த லெஸ்லி நியூபிகின் அன்று மதுரை இராமநாதபுரம் பிஷப்பாக அபிஷேகம் பெற்றார். வயது முப்பத்தேழு. பின்னர் சென்னை பிஷப்பாகவும் இருந்தார்.

பிஷப் வந்த வழியில் நாட்காட்டியும் வந்தது. எல்லோருக்கும் பொதுவான ஆராதனை முறைப் புத்தகம் 1963-இல் வெளிவந்தபோது, லெந்து ஞாயிறுகள் அதில் இடம் பெற்றன. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஆசிரியர்களாகவும் நர்சுகளாகவும் மருமகள்களாகவும் வந்தவர்கள், புத்தகத்துக்கு முன்பே பழக்கத்தைக் கொண்டுவந்திருந்தார்கள். ஊதா விரிப்பு, குருத்தோலை ஞாயிறு பவனி, லெந்தில் கல்யாணம் வைக்காதது, வீட்டுக்கு வீடு மாலை ஜெபம் எல்லாம் மெல்ல மெல்ல நிலைத்தன.

பெரிய வெள்ளியன்று பகல் பன்னிரண்டு முதல் மூன்று வரை நடக்கும் ஏழு வார்த்தைகள் ஆராதனையும் அப்படித்தான். பெரு நாட்டின் லிமா நகரில் பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு சேசு சபைக் குருவானவர் ஆரம்பித்த வழக்கம் அது. அங்கிருந்து ஐரோப்பாவுக்கும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலிக்கருக்கும், அவர்கள் வழியாக நமக்கும் வந்தது. கத்தோலிக்கர் தொடங்கியதை, கத்தோலிக்க வழக்கங்களை விலக்கியவர்களின் பேரப்பிள்ளைகள் பங்குனி வெயிலில் உட்கார்ந்து கேட்கிறார்கள். ஏழு வார்த்தைக்கு ஏழு பேர் பேசுவதும் உண்டு. டீச்சர் அழைத்து நானும் ஒருமுறை போய் உட்கார்ந்திருக்கிறேன். மூன்று மணிக்கு வெளியே வந்தபோது திண்ணைப் பக்கம் அண்டாவில் கஞ்சியும் துவையலும் வைத்திருந்தார்கள். சபையார், வழிப்போக்கர் என்று பார்க்காமல் எல்லோருக்கும் ஊற்றினார்கள்.

"இந்தக் கஞ்சிக்கு அரிசி எங்கிருந்து தெரியுமா சார்?" என்று டீச்சர் கேட்டார்.

பிடியரிசி. சமைக்க அரிசி அளக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டு, ஞாயிறன்று கோயிலுக்குக் கொண்டுபோவது தமிழ்க் கிறிஸ்தவப் பெண்களின் பழைய வழக்கம். லெந்து தெரியாத அந்த மாமியாருக்குப் பிடியரிசி தெரியும். படிக்கணக்கில் கூலி வாங்கிய வீட்டிலும் அந்தப் பானை காலியாக இருந்ததில்லையாம். முதல் வருடத்து விவாதம் முடிந்த மறுநாள் காலை அவர் மருமகளைக் கூப்பிட்டு, "நீ சாப்பிடாம விடுற சோறு அடுக்களையில மிஞ்சக் கூடாது. அந்த அரிசியையும் இதுல போடு" என்று பானையைக் காட்டியிருக்கிறார். அந்த வருடத்திலிருந்து அவர்கள் வீட்டில் லெந்து நாட்களில் ஒரு பிடிக்கு மேல் விழுந்தது.

மாமியார் கடைசிவரை ஒருசந்தி இருக்கவில்லை. மூன்று வேளையும் சாப்பிட்டார். பசித்திருந்தது போதும் என்றாராம். ஆனால் பெரிய வெள்ளிக் கஞ்சிக்கு அரிசி களைவதை மட்டும், கண் மங்கிய காலத்திலும் வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

டீச்சர் ஓய்வுபெற்று மகனோடு போய்விட்டார். பிடியரிசிக்குப் பதிலாக இப்போது பல வீடுகளில் லெந்து உண்டியல் வந்துவிட்டது. அந்தப் பானையை மட்டும் மகன் வீட்டுக்கும் எடுத்துப் போயிருப்பதாகப் போன ஈஸ்டருக்குப் பேசும்போது டீச்சர் சொன்னார்.