ஒன்றியப் பள்ளியும் ஊராரின் பொறுப்பும்: கொல்லிமலை வாழவந்தி நாட்டை முன்வைத்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

காரவல்லி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலை ஏறுவோர் செம்மேட்டை அடைகின்றனர். வல்வில் ஓரியின் சிலை நிற்கும் அவ்வூர் வாழவந்தி நாட்டைச் சேர்ந்தது. கொல்லிமலை ஒன்றியத்தின் 14 ஊராட்சிகளும் 'நாடு' என்றே பெயர் முடிகின்றன: அரியூர் நாடு, வளப்பூர் நாடு, சேலூர் நாடு, தின்னனூர் நாடு எனப் பட்டியல் நீளும். சோழர் காலத்தில் பல ஊர்கள் சேர்ந்த நிலப்பகுதியையும், அதன் நாட்டார் அவையையும் குறித்த சொல் இது. சமவெளியில் கல்வெட்டோடு நின்றுபோன அச்சொல், மலையில் இன்றும் ஊராட்சி மன்ற முத்திரையில் வாழ்கிறது.

இம்மலையின் சிற்றூர்களில் காணப்படும் தொடக்கப்பள்ளிகள் பலவற்றின் பெயர்ப் பலகையில் 'ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி' என்றிருக்கும். தமிழகம் முழுவதும் நாம் அன்றாடம் காணும் பலகைதான். எனினும் அதனைப் படிப்பவர் உள்ளத்தில் ஒரு வினா எழ வேண்டும். இப்பள்ளி உண்மையில் ஒன்றியத்துடையதுதானா? ஆசிரியர் வராத நாளில் ஒரு மலையாளித் தாய் யாரிடம் சென்று முறையிடலாம்? இவ்வினாவுக்கு விடை தேடப் புகின் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு வரலாற்றைப் புரட்ட வேண்டியுள்ளது.

மலையாளி மக்களிடையே பட்டக்காரர், ஊர்க்கவுண்டர் எனத் தலைமை அமைப்பு தொன்றுதொட்டு இருந்து வந்தது. வழக்கு, மணவினை, திருவிழா ஆகியவற்றை அவர்கள் முறைப்படுத்தினர். எழுத்துப் பள்ளி அவர்தம் அதிகார எல்லைக்குள் வரவில்லை. சமவெளியின் நிலை வேறு. சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் ஆணையிட்டுத் திரட்டிய கணக்கு, மாகாணத்தில் 12,498 பள்ளிகளில் 1,88,650 மாணவர் பயின்றதாகக் கூறியது. அவற்றுள் மிகப் பல பெற்றோர் தரும் கட்டணத்தாலும் ஊரார் ஆதரவாலும் நடந்த திண்ணைப் பள்ளிகள். ஆசிரியரைக் கண்காணித்தவர்கள் அவருக்கு நெல் அளந்தவர்களே.

வாழவந்திக்கு எழுத்துக் கல்வியைக் கொண்டு சென்றவர்களுள் குறிப்பிடத்தக்கோர் ஜெஸ்ஸி பிராண்ட், அவர்தம் துணைவியார் எவலின் என்னும் ஆங்கிலேயச் சமயப் பணியாளர்கள். 1913இல் அங்குக் குடியேறிய அவர்கள் மருத்துவமும் பள்ளியும் நடத்தினர். ஜெஸ்ஸி 1929இல் கருநீர்க் காய்ச்சலால் இறந்தார். வேலூரில் தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்து உலகப் புகழ் பெற்ற பால் பிராண்ட், இம்மலையில் வளர்ந்த அவர்தம் மகனாவார். அவர்களின் சமய நோக்கம் வேறு. அதனை இங்கு ஆராய்வது நம் கருத்தன்று. அரசாங்கமும் உள்ளூர்க் கழகங்களும் எட்டாத இடத்தில் ஒரு தனி மனிதரின் பள்ளியே குழந்தைக்கு வாய்த்தது என்பதே ஈண்டு நோக்கத்தக்கது. கொடை உள்ளவரை பள்ளி உண்டு. கணக்குக் கேட்கும் உரிமை ஊராருக்கு இல்லை.

சமவெளியில் இதற்குள் சட்டங்கள் பல வந்துவிட்டன. ஊரார் தாமே வரி விதித்துப் பள்ளி நடத்தலாம் என்ற 1863ஆம் ஆண்டுச் சட்டம் பெரிதும் பயன் தரவில்லை. 1871ஆம் ஆண்டின் உள்ளூர் நிதிச் சட்டம் சாலை, மருத்துவமனை, பள்ளி மூன்றையும் ஒரே பையில் போட்டது. 1882இல் ரிப்பன் பிரபுவின் தன்னாட்சித் தீர்மானமும் ஹண்டர் கல்விக் குழுவும் ஒருங்கே வந்தன. தொடக்கக் கல்வியை உள்ளூர்க் கழகங்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது அக்குழுவின் பரிந்துரை. 1884இல் மாவட்டக் கழகங்களும் வட்டக் கழகங்களும் தோன்றின.

ஹண்டர் குழு முஸ்லிம்களின் கல்விக்குத் தனிப் பகுதியே ஒதுக்கியது. நல்லெண்ணத்தோடுதான் செய்தது. எனினும் முஸ்லிம் பள்ளிகளில், அச்சமுதாயத்தார் வேறு மொழி வேண்டினாலன்றி, இந்துஸ்தானியே முதன்மைப் பயிற்று மொழியாக வேண்டும் என்று அது கருதியது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் தாய்ப்பாலோடு தமிழ் பருகி, அரபுத் தமிழில் மார்க்க நூல் படித்த குழந்தைக்கு இந்துஸ்தானி எங்ஙனம் தாய்மொழியாகும்? தொலைவிலிருந்து வகுக்கப்படும் நன்மை இவ்வாறுதான் இலக்குத் தவறுகிறது. மலைக் குழந்தையின் பொருட்டு இன்று வகுக்கப்படும் திட்டங்களைக் காணும்போதெல்லாம் எனக்கு இந்துஸ்தானியின் நினைவு வருவதுண்டு.

1920ஆம் ஆண்டு சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் மாவட்டக் கல்வி மன்றங்களை ஏற்படுத்தியது. உள்ளூர்க் கழகங்கள் கல்வி வரி விதிக்கவும், அரசின் ஒப்புதலோடு கட்டாயக் கல்வியைப் புகுத்தவும் வழி செய்தது. அதே ஆண்டு செப்டம்பரில் சென்னை மாநகராட்சி மன்றம், பி. தியாகராயச் செட்டியார் தலைமையில், ஆயிரம் விளக்குப் பள்ளி மாணவர்க்குச் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. ஒரு மாணவனுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்பது விதி. பசித்த பிள்ளை படிக்காது என்பதை முதலில் கண்டுகொண்டவர்கள் அப்பள்ளித் தெருக்களை அறிந்த உறுப்பினர்களே. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இச்செலவைச் செய்யலாகாது என்று 1925இல் மாகாண அரசு தடுத்தது. 1927இல் மீண்டும் உணவு தொடங்கியது. உணவும் கல்வியும் ஒன்றா, இரு வேறு கணக்குகளா என்னும் வழக்கு அன்றே தொடங்கிவிட்டது.

விடுதலைக்குப் பின் காமராசர் காலத்தில், 1956இல், மதிய உணவு மாநிலம் தழுவியது. ஊரார் நன்கொடையும் அதில் கலந்திருந்தது. நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர் மக்கள் கட்டடமும் மணியும் பலகையும் கொணர்ந்து குவித்தனர். 1958ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் மாவட்டக் கழகங்களை அகற்றி ஊராட்சி ஒன்றியங்களை அமைத்தது. 1960, 1961ஆம் ஆண்டுகளில் அவை படிப்படியாகச் செயலுக்கு வந்தன. கழகப் பள்ளிகள் ஒன்றியப் பள்ளிகளாயின. ஆசிரியர் ஒன்றியத்தின் ஊழியர் ஆனார். நம் பெயர்ப் பலகை பிறந்த கதை இதுவே.

அக்காலம் பொற்காலம் என்று கூறத் துணியேன். ஒன்றியத் தலைவரின் முகங்கோணினால் ஆசிரியருக்கு இடமாற்றம் வந்த கதைகளை மூத்த ஆசிரியர்கள் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஊதியம் காலத்தில் வரவில்லை என்ற குறையும் இருந்தது. ஆசிரியர் சங்கங்கள் அரசு ஊழியத் தகுதி கோரிப் போராடியதில் நியாயம் இருந்தது. 1981 ஜூன் முதல் நாள் தொட்டு ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர் ஆயினர்.

இங்கே ஒரு செய்தியைக் கூர்ந்து நோக்க வேண்டும். ஊராட்சிகளுக்கு 1970இல் நடந்த தேர்தலுக்குப் பின் அடுத்த தேர்தல் 1986இல்தான் நடந்தது. எனவே பள்ளியின் பிடி கைமாறிய 1981இல், வாக்களித்தவரிடம் புதிதாக ஆணை பெற்ற மன்றம் எதுவும் இல்லை. 'எங்கள் பள்ளியை ஏன் எடுத்துக் கொள்கிறீர்கள்?' என்று கேட்க வேண்டிய இருக்கை வெறுமையாயிருந்தது. அதே இடைவெளியில், 1982 ஜூலையில், எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் பிறந்தது. எத்தனையோ பிள்ளைகளின் பசி தீர்த்த அத்திட்டத்தின் பெருமையை மறுப்பார் இலர். ஆனால் உணவு ஒன்றிய அலுவலகத்தின் வழியாகவும், ஆசிரியர் கல்வித் துறையின் வழியாகவும் வரத் தொடங்கினர். மலையில் இவற்றோடு ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறையின் உண்டு உறைவிடப் பள்ளியும், சமூக நலத்துறையின் அங்கன்வாடியும், சுகாதாரத் துறையின் ஆரம்ப சுகாதார நிலையமும் சேர்ந்தன. கட்டடம் மட்டும் ஒன்றியத்தின் பெயரில் நின்றது.

கல்விக் கண்காணிப்பு நம் மரபில் புதியதன்று. ஹிஸ்பா நூல்களைப் பயின்றோர் அறிவர். ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டின் அஷ்-ஷைஸரீ, அவருக்குப் பின் ஹிஜ்ரி 729இல் மறைந்த இப்னுல் உகுவ்வா ஆகியோர், சந்தையின் எடைக்கற்களைச் சோதிக்கும் முஹ்தஸிபின் கடமைகளுள் சிறுவர்க்குக் கற்பிப்போரைக் கண்காணித்தலையும் ஓர் அத்தியாயமாக வைத்தனர். பிரம்பு எலும்பை முறிக்கும் அளவு பருத்திருத்தல் ஆகாது. பிள்ளைகளைத் தம் சொந்த வேலைக்கு ஏவுதல் ஆகாது. மண்ணும் கல்லும் சுமக்க வைத்தல் ஆகாது. அப்பம் சுடுபவனையும் பிள்ளைக்குப் பாடம் சொல்பவனையும் ஒரே அலுவலர் ஒரே தெருவில் கேள்வி கேட்டார். பெற்றோர்க்கு அவர் யார், எங்கிருப்பார் என்பது தெரிந்திருந்தது.

இங்கிலாந்திலும் இவ்வினா நெடுங்காலம் அலைக்கழிந்தது. 1870இல் மக்களே தேர்ந்தெடுத்த பள்ளி வாரியங்கள் வந்தன. 1902இல் அவற்றை நீக்கிக் கல்வி உள்ளாட்சி மன்றங்களிடம் தரப்பட்டது. 2000இல் விக்டோரியா கிளிம்பியே என்னும் எட்டு வயதுச் சிறுமி உறவினரின் கொடுமையால் மாண்டாள். மருத்துவமனை, காவல், சமூகப் பணி என ஒவ்வொரு துறையும் அவளை ஓரளவு கண்டிருந்தும் எவரும் காப்பாற்றவில்லை. அதன் பின் வந்த 2004ஆம் ஆண்டுச் சட்டம், பள்ளிக் கல்வியையும் குழந்தை நலத்தையும் ஒருங்கே கவனிக்கும் ஓர் இயக்குநரையும், அவற்றுக்குப் பொறுப்பேற்கும் ஒரு மன்ற உறுப்பினரையும் குறித்தாக வேண்டும் என்றது. அதனால் அங்குத் துயரங்கள் ஒழிந்தன என்பதில்லை. கேட்க வேண்டிய கதவு எது என்பதேனும் தெளிவாயிற்று.

நம் அரசியல் சட்டத்தின் 73ஆம் திருத்தம் 11ஆம் அட்டவணையில் தொடக்க, இடைநிலைக் கல்வியையும், மகளிர் குழந்தைகள் மேம்பாட்டையும் ஊராட்சிகளுக்கு உரியனவாகக் குறித்தது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் வந்தது. அதன்படி 1996இல் தேர்தல் நடந்தது. பழங்குடிப் பகுதிகளின் கிராம சபைக்குத் தனி அதிகாரம் தந்த 1996ஆம் ஆண்டு மத்தியச் சட்டமோ ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளுக்கே உரியது. தமிழகத்தில் அத்தகைய பகுதி எதுவும் அறிவிக்கப்படவில்லை. எனவே 2011 கணக்கின்படி பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பழங்குடியினரான கொல்லிமலைக்கு அச்சட்டம் எட்டவில்லை.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தைப் பலர் கட்டணமில்லாச் சேர்க்கைக்கான சட்டமாகவே அறிந்துள்ளனர். அதன் 9ஆம் பிரிவு, தன் எல்லைக்குள் வாழும் 14 வயது வரையுள்ள பிள்ளைகளின் பதிவேட்டைப் பேணுதல், வருகையை உறுதி செய்தல், பிழைப்புத் தேடி வந்தோரின் பிள்ளைகளைச் சேர்த்தல் ஆகியவற்றை உள்ளூர் அதிகார அமைப்பின் கடமையாக்குகிறது. 32ஆம் பிரிவோ, பிள்ளையின் உரிமை குறித்து எவரும் அவ்வமைப்பிடம் எழுத்து மூலம் முறையிடலாம், மூன்று மாதத்துக்குள் முடிவு கூற வேண்டும் என்கிறது. மலையாளித் தாய்க்கு உரிய விடை ஏட்டில் இருக்கத்தான் செய்கிறது!

2022இல் மாற்றியமைக்கப்பட்ட பள்ளி மேலாண்மைக் குழுவின் 20 உறுப்பினருள் 15 பேர் பெற்றோர். தலைமை ஒரு தாய்க்கு. உள்ளாட்சி உறுப்பினர் இருவர். அவ்வாண்டு செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தின் முதற்கட்டம் 1,545 பள்ளிகளுக்கு வந்தது. மலைப்பகுதிப் பள்ளிகளும் அவற்றுள் அடங்கும். ஓரணாச் சிற்றுண்டி நூறாண்டு கழித்து மலையேறியது எனலாம். ஆனால் குழுவில் அமர வேண்டிய உள்ளாட்சி உறுப்பினர் இருந்தால்தானே? 2016 அக்டோபர் முதல் 2020 ஜனவரி வரை ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை. நாமக்கல் உள்ளிட்ட மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்வு பெற்றோரின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலரிடம் சென்றது. 1981இல் வெறுமையாயிருந்த அதே இருக்கை.

ஒரு நாடு என்பது ஒரே ஊரன்று. வாழவந்தி நாட்டின் சிற்றூர்கள் மேடும் பள்ளமுமாய்ச் சிதறிக் கிடப்பவை. கிராம சபைக்கு வரும் தாய், அன்றைய கூலியை விட்டு ஓடை கடந்து நடந்து வர வேண்டும். அவள் வந்து அமரும்போது வரவு செலவு படிக்கப்படுகிறது, சாலையும் குடிநீரும் பேசப்படுகின்றன. எத்தனை பிள்ளைகள் இவ்வாண்டு பள்ளியை விட்டு நின்றனர், எத்தனை பேர் பெற்றோருடன் தோட்ட வேலைக்குச் சென்றனர் என்னும் 9ஆம் பிரிவின் பதிவேட்டையும் அச்சபையில் உரக்கப் படிக்கலாம். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.