ரந்தாவ் அபாங் கரையில் ஆமைகள்

திரங்கானு மாநிலத்து ரந்தாவ் அபாங் கடற்கரையில் முன்பு இரவெல்லாம் கூட்டம் கூடும். முட்டையிடக் கரையேறும் பெரிய ஆமையைப் பார்க்கத்தான். அதன் முதுகு வரிகள் பெலிம்பிங் பழத்தைப் போல் இருப்பதால் மலாய்க்காரர்கள் ‘பென்யு பெலிம்பிங்’ என்பார்கள். தமிழில் நாம் தோணி ஆமை என்கிறோம்.

1956-இல் அங்கே 10,000-க்கு மேற்பட்ட முட்டைக்குழிகள் இருந்தன. முட்டைகள் சந்தைக்குப் போயின. வேடிக்கை பார்க்க வந்தவர்களும் சும்மா இருக்கவில்லை. டார்ச் அடித்தார்கள், ஆமையின் முதுகில் ஏறி உட்கார்ந்தார்கள்! ஆழ்கடலில் மீன்வலைகளில் சிக்கி மாண்டவை வேறு.

1961 முதல் முட்டைகளை எடுத்து, வேலியிட்ட மணலில் புதைத்துக் காத்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் ஆமைக்குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடே முடிவு செய்கிறது. வேலிக்குள் சூடு மிகுந்து, பெரும்பாலும் பெண் குஞ்சுகளே பொரித்தன. அது பல ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. 1988-இல் தோணி ஆமை முட்டை விற்பனை தடை செய்யப்பட்டது. 2000-க்குப் பின் வந்தவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ரெடாங் தீவில் பச்சை ஆமைகள் இன்னும் கரையேறுகின்றன. 2022-இல் திரங்கானு எல்லாக் கடலாமை முட்டைகளின் விற்பனையையும் தடுத்தது. ஆமை பார்க்கப் போகிறவர்களை இப்போது வழிகாட்டி இருட்டில் பேசாமல் உட்கார வைக்கிறார். கரையேறும்போது வெளிச்சம் பட்டால் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும். குழியில் முட்டை விழத் தொடங்கிய பிறகுதான், அதுவும் பின்பக்கமாக, நம்மைக் கிட்டே அழைப்பார்.