காவினும் காணியுறுதியும்

காதி நீதிமன்றத்தில் சட்டத்தரணி தோன்ற முடியாது. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அதனால் மனு எழுதும் வேலை கிராமங்களில் வாத்தியாரிடம் வந்து சேர்கிறது. 2012இல் ஒரு ராத்தா என்னிடம் வந்தார். கணவர் விட்டுப்போய் ஆண்டுகள் பல, செலவுக்கும் கொடுப்பதில்லை. பஸஹ் கேட்க வேண்டும்.

“காவின் இருக்கிறதா ராத்தா?”

“எல்லாம் அலுமாரிக்குள்ளதான் தம்பி இருந்தது. பூட்டிப்போட்டு வந்தனாங்கள்.”

எங்கே, எப்போது என்று நான் கேட்கவில்லை. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ் நகரின் சோனகத் தெருவில் ஒலிபெருக்கி அறிவித்தது. இரண்டு மணித்தியாலத்தில் வெளியேற வேண்டும் என்று விடுதலைப் புலிகள் உத்தரவிட்டார்கள். ஆளுக்கு 150 ரூபாவும் உடுபுடவையும்தான் அனுமதி. நகைகளும் உறுதிகளும் பறிபோயின. வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர்; பெரும்பாலோர் புத்தளத்து முகாம்களில் ஒதுங்கினர். வீடுவாசல் போனதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறோம். காவின் போனதைப் பற்றி எழுதியது குறைவு.

இலங்கை முஸ்லிம்களின் விவாக, வாரிசு முறைகள் 1806ஆம் ஆண்டுக் கோவையில் எழுத்தில் வந்தன. 1929ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் காதிமாரைக் கொண்டுவந்தது. அதன் இடத்துக்கு வந்ததுதான் 1951ஆம் ஆண்டுச் சட்டம். பதிவு செய்வது கடமை. ஆனால் பதிவில்லை என்பதற்காக நிக்காஹ் செல்லாமற் போகாது என்றும் அது சொல்கிறது. ஆகவே ராத்தாவின் திருமணம் அலுமாரியோடு போய்விடவில்லை. பதிவு நடந்திருந்தால் மாவட்டப் பதிவாளரிடம் நகல் கேட்கலாம். இல்லையேல் சாட்சிகள் வேண்டும். புத்தளத்தில் தங்கிவிட்ட இருவர், நிக்காஹ் சபையில் இருந்தவர்கள், வந்து சாட்சி சொன்னார்கள். பஸஹ் கிடைத்தது.

சிக்கல் கைக்கூலியில் வந்தது. மணப்பெண்ணின் பாவனைக்கென மணமகனிடம் கொடுக்கப்படும் அல்லது வாக்களிக்கப்படும் பணமும் அசையும் பொருளுமே கைக்கூலி என்பது சட்டத்தின் விளக்கம். அது பெண்ணுக்குரியது; திருப்பிக் கேட்க உரிமையுண்டு, காதியார் விசாரிக்கலாம். ஆனால் அவர் “நான் ஒன்றும் வாங்கவில்லை” என்றார். கூடத்தில் பணம் கைமாறும்போது துண்டு எழுதிக் கேட்பது மரியாதைக் குறைவென்று நினைத்த காலம் அது. கொடுத்த வாப்பா முகாமிலேயே மௌத்தானார். கைக்கூலி வரவேயில்லை.

காணி மட்டும் மிஞ்சியது. அயலிலுள்ள தமிழ்ப் பெண் தேசவழமையின் கீழ் தன் சீதனக் காணியை விற்கவும் கணவனின் சம்மதம் வேண்டும். நம் பெண்களுக்கு அந்தக் கட்டு இல்லை. அவள் பெயரிலுள்ளது அவளுடையது, விவாகரத்து அதைத் தொடாது. நொத்தாரிசு எழுதிய உறுதியின் இணைப்பிரதி காணிப் பதிவகத்துக்குப் போவது வழக்கம்; ராத்தாவுக்கு அங்கேதான் நகல் கிடைத்தது. பத்தாண்டு ஆட்சியால் உரிமை கோரும் விதி அகதிகளின் காணிகளை விழுங்கப் பார்த்தபோது, போர்க்காலத்தைக் கணக்கிலெடுக்காமல் விட 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இடம் தந்தது. அதில் வழக்குத் தொடரக் கொடுத்த காலம் இரண்டே ஆண்டுகள்.

இப்போது யார் மனு எழுத வந்தாலும், புகாரைக் கேட்குமுன் கடதாசிகளைக் கேட்கிறேன்: காவின் நகல், மஹர் எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு, கைக்கூலிக்கு யார் சாட்சி, காணியுறுதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பராமரிப்புக் கேட்பதானால் கணவரின் வருமானத்துக்கு ஏதாவது ஆதாரம். எல்லாவற்றிலும் ஒரு பிரதி வேறொரு வீட்டில் இருக்க வேண்டும். ஒரே அலுமாரியை நம்பியவர்கள் நாங்கள்.

தவணைக் கடனை எழுதிக்கொள்ளச் சொல்லும் அல்பகறாவின் 282ஆம் வசனம் குர்ஆனிலேயே மிக நீளமானது. கடனுக்கே அவ்வளவு எழுத்து. மகளைக் கட்டிக்கொடுக்கும் நாளில் வாப்பாமார் ஒரு துண்டுக் கடதாசிக்கு ஏன் வெட்கப்பட வேண்டும்?