கரோனரி இரத்த உறைவு

இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் கரோனரித் தமனிகளுள் ஒன்றில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்வதே மாரடைப்புக்குப் பெரும்பாலும் காரணமாகும். தமனியின் உட்சுவரில் பல ஆண்டுகளாகப் படிந்த கொழுப்புத் திட்டின் மெல்லிய மேலுறை கிழியும்போது, விரலில் வெட்டுப்பட்டால் விரைந்து வரும் அதே தட்டணுக்கள் அங்கும் குவிய, அவற்றின் மேல் ஃபைப்ரின் என்னும் புரத இழைகள் வலையாகப் பின்னிக்கொண்டு, சில மில்லிமீட்டர் அகலமே உள்ள குழாயை அடைத்துவிடுகின்றன.

இத்தகைய அடைப்பு ஏற்பட்டவர் உடனே இறந்தே தீர வேண்டும் என்பதில்லை என்று சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் 1912இல் எடுத்துக்காட்டினார். ஆயினும் உறைவு மாரடைப்பின் காரணமா, விளைவா என்ற ஐயம் நெடுங்காலம் நீடித்ததால், வாரக்கணக்கில் படுக்க வைப்பதே மருத்துவமாக இருந்தது. 1980இல் அமெரிக்காவின் மருத்துவர் டிவுட்டின் குழுவினர், வலி தொடங்கிய நான்கு மணி நேரத்துக்குள் தமனி படம்பிடிக்கப்பட்டவர்களுள் 87 விழுக்காட்டினருக்கு அது முற்றிலும் அடைபட்டிருந்ததைக் காட்டிய பின்னரே, இரத்தக்கட்டியைக் கரைக்கும் முயற்சிகள் உறுதிபெற்றன.

நெஞ்சை அழுத்தும் வலி, இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை ஆகியவை முதன்மை அறிகுறிகள். நீரிழிவு உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் மூச்சுத்திணறல் மட்டும் வரலாம். பலர் இவ்வறிகுறிகளை வாயுப்பிடிப்பென்று எண்ணி இரவைக் கடத்துவது பெருங்கேடு. மருத்துவமனையை அடைந்த பத்து நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுக்கப்பட வேண்டும். அதில் எஸ்.டி. எனப்படும் பகுதி அடிக்கோட்டிலிருந்து மேலே தூக்கி நின்றால், தமனி முழுமையாக அடைபட்டிருக்கக்கூடும் எனக் கொள்ளப்படுகிறது. சிதைந்த தசையிலிருந்து கசியும் ட்ரோபோனின் என்னும் புரதம் இரத்தத்தில் உயரச் சில மணி நேரம் ஆகலாமாதலால், எஸ்.டி. உயர்ந்த நோயாளிக்கு அதன் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருப்பதில்லை.

தட்டணுக்கள் ஒட்டுவதைத் தடுக்கும் ஆஸ்பிரின் மாத்திரையை விழுங்காமல் மென்று உட்கொள்ளச் செய்வது, அது விரைந்து இரத்தத்தில் கலப்பதற்காகவே. 17,187 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டு 1988இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வில், ஆஸ்பிரினும் கட்டி கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸும் சேர்ந்து ஐந்து வார காலத்து இதயநாள இறப்புகளை ஏறத்தாழ 42 விழுக்காடு குறைத்தன. விலை மலிந்த மாத்திரை ஒன்றுக்கு இதில் ஏறத்தாழப் பாதிப் பங்கு இருந்தது குறிப்பிடத்தக்கது.

நோய் உறுதியானதிலிருந்து 120 நிமிடத்துக்குள் செய்ய முடியுமானால், பலூன் கொண்டு அடைப்பைத் திறந்து ஸ்டென்ட் என்னும் வலைக்குழாய் பொருத்தும் ஆஞ்சியோபிளாஸ்டியே சிறந்தது. அதற்கான கூடம் தொலைவில் இருந்தால், வலி தொடங்கிப் பன்னிரண்டு மணி நேரம் கடக்காதவர்களுக்கு டெனக்டிப்ளேஸ் போன்ற கரைப்பான் ஊசியை முதலிலேயே செலுத்தி, பின்னர் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகின்றனர். கரைப்பான் தேவையான உறைவையும் கரைத்துவிடுமாதலால் மூளையில் இரத்தம் கசியக்கூடும். எனவே அண்மையில் பக்கவாதமோ பெரிய அறுவையோ கண்டவர்களுக்கும், எஸ்.டி. பகுதி உயராத வகை மாரடைப்புக்கும் அது தரப்படுவதில்லை.