எபிரேய மறைநூலின் சூழல் அறம்

எபிரேய மறைநூலின் முதல் ஐந்து நூல்களில் நிலம், மரம், பறவை குறித்து வரும் கட்டளைகளும் அவற்றிலிருந்து பெறப்படும் நெறிகளுமே அதன் சூழல் அறம். பலனை எடுத்துக்கொள்ளலாம், பலன் தரும் மூலத்தை அழிக்கக் கூடாது என்பதே இவற்றின் சாரம். லேவியராகமம் 25ஆம் அதிகாரம் ஏழாம் ஆண்டில் நிலத்துக்கு ஓய்வு தருகிறது. உபாகமம் 22, கூட்டிலுள்ள குஞ்சையோ முட்டையையோ எடுப்பவர் தாய்ப்பறவையைப் போகவிட வேண்டும் என்கிறது. உபாகமம் 20, முற்றுகைப் போரிலும் கனிமரத்தை வெட்டத் தடை விதிக்கிறது. பிற்கால யூத அறிஞர்கள் இதை வீண் அழிவு அனைத்துக்குமான தடையாக விரித்து ‘பால் தஷ்ஹித்’ என்றனர்.

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் இந்நெறியைப் பனையில் காணலாம். ஏரிக்கரைப் பனையின் சல்லிவேர்கள் மண்ணைக் கவ்விக் கரையைக் காக்கின்றன. பாளை சீவிப் பதநீர் இறக்கினாலும் மரம் சாவதில்லை. காய்க்கப் பல்லாண்டு எடுக்கும் அம்மரம் செங்கல் சூளையில் ஒரே நாளில் சாம்பலாகும். பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி தேவை என்று தமிழக அரசு 2021இல் அறிவித்தது. பறவை குறித்த நெறிக்கு ஒத்து, அவ்வாண்டே மரக்காணம் அருகிலுள்ள கழுவெளி ஈரநிலம் பறவைகள் சரணாலயமானது. இம்மறைநூல் குறித்து மாற்றுக் கருத்தும் உண்டு. மனிதனுக்கு உயிர்கள்மேல் ஆளுகை தரும் அதன் படைப்புக் கதையில் ஊன்றிய மேலைக் கிறித்தவ நோக்கே சூழல் நெருக்கடிக்கு வேர் என்று வரலாற்றாசிரியர் லின் ஒயிட் 1967இல் வாதிட்டார். ஆனால் அக்கதை வரும் ஆதியாகமத்தின் இரண்டாம் அதிகாரம் தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவுமே மனிதனை அங்கே வைக்கிறது. ஆளுகை அங்கே காவலாகிறது. பண்டைய போர்ச்சட்டம் இன்றைக்குப் பொருந்தாது என்பாரும் உண்டு. ஆனால் போரிலேயே தப்ப வேண்டிய மரம், அமைதிக் காலத்தில் சூளைக்குச் சாய்வது போரில் சாய்வதினும் பெரிய பிழை.