டவாலியை நம்பி விற்ற நிலம்

நம் பழைய கிரயப் பத்திரங்களில் ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாக’ என்று எழுதியிருப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். கூடவே, விற்கவும் தானம் செய்யவும் உரிமை உண்டு என்றும் இருக்கும்.

இங்கிலாந்தில் ஒரு காலத்தில் அப்படியில்லை. ‘உனக்கும் உன் வம்சத்துக்கும்’ என்று நிலத்தை எழுதிவைத்துவிட்டால் அதை யாரும் முழுதாக விற்க முடியாமல் இருந்தது. விற்றாலும், அவர் இறந்த பிறகு வாரிசு வந்து நிலத்தைத் திரும்பக் கேட்க முடிந்தது. முதலாம் எட்வர்டு மன்னர் காலத்தில், 1285ல் வந்த சட்டம் இது.

கடன் கழுத்தை நெரித்தாலும், என்றோ செத்துப்போன தாத்தாவின் சொல் குறுக்கே நிற்கும். சட்டத்தை மாற்றப் பெரிய நிலக்கிழார்களுக்கு மனமில்லை. ராஜத்துரோகக் குற்றத்தில் சிக்கினாலும் இந்த நிலம் குடும்பத்தை விட்டுப் போகாது என்பது அவர்களுக்குச் சௌகரியம்.

வக்கீல்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நிலத்தை வாங்குபவர், “இது என் நிலம்” என்று விற்பவர் மீது வழக்குப் போடுவார். விற்பவர், “எனக்கு இதைக் கொடுத்தவர் இன்னார். அவரே பொறுப்பு” என்று ஒருவரைக் கைகாட்டுவார். அந்த ஆள் கூண்டேறி, “ஆமாம், நான்தான் பொறுப்பு” என்பார். பிறகு, வாதியுடன் தனியே பேச வெளியே போனவர் திரும்பவே மாட்டார்.

உடனே தீர்ப்பு: நிலம் வாதிக்கு. ஓடிப்போனவர் அதே மதிப்புள்ள வேறு நிலத்தை விற்பவருக்குக் கொடுக்க வேண்டும். வாரிசுகளுக்கு அதுதான் ஈடு.

ஓடிப்போனவர் யார் தெரியுமா? அந்தக் கோர்ட்டிலேயே பெயர் கூப்பிடும் டவாலி! அவருக்குக் காணி நிலம்கூடக் கிடையாது. வாரிசுகளுக்கு மிஞ்சியது தீர்ப்பு நகல்தான்.

1472ல் டால்டாரம் வழக்கில் நீதிபதிகள் இந்த முறையைப் பற்றி விரிவாகப் பேசினார்கள். அதன்பின் இது வழக்கமாகிவிட்டது. நீதிபதி முதல் டவாலி வரை எல்லோருக்கும் தெரிந்த பொய், அதற்குக் கட்டணமும் உண்டு.

1833ல்தான் பார்லிமெண்ட் இதை ஒழித்தது. அதற்குப் பதிலாக, ஒரு பத்திரம் எழுதி ஆறு மாதத்துக்குள் சான்சரி கோர்ட்டில் பதிந்தால் போதும் என்றது. ஒரு பத்திரத்தில் முடிகிற காரியத்துக்கு முந்நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் டவாலி ஓடிக்கொண்டிருந்தார்.